சேகருக்குப் பிடித்த பத்தாவது பாடகர்

எங்கள் பழைய ஆவடி குவார்ட்டர்ஸ் வாட்ஸாப் குழுவில் இன்று காலை சேகர், எழுபதுகளின் ராக், சோல் பாடகர்களில் தனக்குப் பிடித்த பத்துப் பேரைப் பட்டியல் போட்டிருந்தான்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் ஒரு வாரம் மண்டையைக் குடைந்து ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து, குமணன்சாவடி ரெக்கார்டிங் கடையில் கேசட் பதிந்து வாங்கினேன். இன்று சேகர் போட்டதும் அதே பெயர்கள், அதே வரிசை. "ரெண்டு நாள்ல தரேன் மச்சான்" என்று சேகர் வாங்கிப் போனான். திருப்பிக் கேட்டபோது, "நீ எப்ப குடுத்தே?" என்றான்.

பத்தாவது பெயர் ரெஜினால்ட். அவர்தான் கடைக்காரர். கேசட்டில் இடம் மிச்சமிருந்தால் தானே கிடாரை எடுத்துப் பாடி நிரப்பி, அட்டையில் தன் பெயரையும் எழுதிவிடுவார்.

குழுவிலேயே கேட்டேன்: "மாமே, அந்த ரெஜினால்ட் எந்த ஊருக்காரரு?"

"அமெரிக்கா மச்சான். அவரெல்லாம் இங்க என்னைத் தவிர எவனுக்குத் தெரியும்?"

ரெஜினால்ட் அண்ணன் இப்போது பூந்தமல்லியில்தான் இருக்கிறார். அலைந்து நம்பரை வாங்கிவிட்டேன்.

இப்போதே குழுவில் சேர்த்துவிடவா, இல்லை சேகர் அவரை இன்னும் நாலு வரி புகழும்வரை பொறுக்கவா? நீங்களே சொல்லுங்கள்.