பெட்டிக்கு இடமில்லாத கூடாரம்

சர்வேயருக்கு அன்று வந்த கோபத்துக்கு, கடையில் விரித்துக் காட்டிய ஏழு கூடாரங்களையும் சுருட்டித் தெருவில் வீசியிருப்பார். அவர் கேட்டது ஒரே ஒரு ஆள் படுக்கிற கூடாரம். தூங்கியே அறியாதவன் தைத்ததைப் போல ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு. ஒன்றில் கால் வெளியே நீண்டது. இன்னொன்றின் ஜிப் மூன்றாவது இழுப்பிலேயே பல்லை இளித்தது. உறுதியானதைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கியது. தூக்க வசதியானதோ நகம் பட்டாலே கிழியும். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்.

“சார், இதுல ஒரு ஆள் தாராளமா படுக்கலாம்,” என்றார் கடைக்காரர்.

“எந்த ஆளு? உங்க மூணு வயசுப் பேரனா?”

எரிச்சல் சும்மா வரவில்லை. பத்தொன்பது வருடமாக மலைச்சரிவுகளை அளக்கிறவர். மாதத்தில் பத்து நாள் வெட்டவெளியில்தான் படுக்கை. போன மழையில் கூடாரம் கிழிந்து, நெஞ்சில் சளி கட்டி, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை நனைந்தால் மலைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசிலும் மேசை வேலைக்கு ஒரு நாற்காலியைத் தூசி தட்டித் தயாராக வைத்திருந்தார்கள். அதில் உட்கார அவருக்கு மனசே இல்லை.

கடைசியில் எட்டாவதாக ஒன்று உள்ளேயிருந்து வந்தது. தடித்த துணி, இரட்டைத் தையல், வளைந்தாலும் ஒடியாத கம்பி, எடையும் பரவாயில்லை. சர்வேயர் டேப்பை எடுத்து அதை அளந்தார், தன்னையும் அளந்தார். படுத்துப் பார்த்தார். அப்பாடா!

வீட்டுக் கூடத்தில் விரித்துக் காட்டினார். மனைவி சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “எல்லாம் சரி, பெட்டி எங்க படுக்கும்?”

அவர் முகம் தொங்கிப்போனது. அளவைக் கருவி இருக்கும் பெட்டியைப் பக்கத்தில் வைக்காமல் அவர் ஒரு நாளும் வெளியில் தூங்கியதில்லை. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனுஷன், அதை மட்டும் அளக்க மறந்திருந்தார்! தலைமாட்டில் வைத்தார், கால் வெளியே வந்தது. பக்கத்தில் வைத்தார், முதுகு துணியில் ஒட்டியது. சே!

“ஒரு கால் வெளிய கெடந்தா என்ன இப்போ?” என்றார்.

“போன மழையிலயும் இதைத்தானே செஞ்சீங்க? கூடாரம் கிழிஞ்சதும், இருந்த ஒரு ரெயின்கோட்டையும் பெட்டிக்குப் போர்த்திட்டு நனைஞ்சவர்தானே நீங்க?” அவள் குரல் உடைந்தது. “பெட்டி போனா ஆபீஸ்ல வேற குடுப்பாங்க. நீங்க போனா நான் எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கறது?”

அவள் சமையலறைக்குப் போய், மாவு வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மைக் காலி செய்து கொண்டுவந்தாள். பெட்டி அதற்குள் கச்சிதமாக இறங்கியது. மூடியைத் திருகிக் கூடாரத்துக்கு வெளியே வைத்தாள்.

அவர் உள்ளே கால் நீட்டிப் படுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“மூடி இறுக்கமா இருக்குல்ல?”

“இருக்கு. பேசாம படுங்க,” என்று ஜிப்பை அவளே இழுத்து அடைத்தாள்.