நாற்றங்காலில் தூவிய பைப்புத் தூள்

எண்ணெய்க் கிணறுகளில் கழித்துப் போடுகிற பைப்புக்கு எங்கள் பக்கத்தில் எப்போதும் கிராக்கி. மாட்டுக் கொட்டகைக்குக் கால், வாய்க்காலைத் தாண்டக் குறுக்கே ஒரு பாலம், பந்தலுக்குக் கம்பம், எல்லாவற்றுக்கும் அதுதான். துருப்பிடித்தாலும் வளையாது. என் வீட்டுக்காரரும் ஒரு கோடையில் பழைய இரும்புக் கடையிலிருந்து டிராக்டர் நிறைய ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். தேரையே வாங்கி வந்துவிட்ட மாதிரி முகத்தில் அவ்வளவு பெருமை.

பைப்பின் உள்பக்கம் முழுக்க ஒரு படிவு. வெந்நீர்ப் பானையின் அடியில் உப்பு கட்டுமே, அது மாதிரி, ஆனால் விரல் கனத்துக்கு. அது இருந்தால் வெல்டிங் பிடிக்காது என்று இவர் உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்த்தார். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. காயப்போட்ட புடவையெல்லாம் வெள்ளைத் தூசி என்று நான் கத்தினேன். அன்றைக்கு என் கவலை அவ்வளவுதான்.

எங்கள் நிலம் கடைமடை. கடல் கிட்ட இருப்பதால் மண்ணில் உவர் பூக்கும். நாற்று விடுவதற்கு முன் ஜிப்சம் போட்டே ஆக வேண்டும். அந்த வருஷம் வேளாண்மை டிப்போவில் ஜிப்சம் கேட்டால் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். இவர் உதிர்ந்த தூளை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஜிப்சம் மாதிரியேதான் இருக்கு. பூமிக்குள்ளேர்ந்து வந்ததுதானே, என்ன கெடுதல் பண்ணிடப் போவுது?" என்றார்.

கூடையில் அள்ளிக்கொண்டு போய் நாற்றங்காலில் தூவிவிட்டார். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வயல்தான், வீட்டுச் சாப்பாட்டுக்கு; நாற்றங்கால் அதில் ஒரு மூலை. உவர் மண்ணோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வெள்ளைத் தூளைக் கண்டால் புத்தி அப்படித்தான் போகும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விற்றவன் அந்தப் பைப்பில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்?

நாற்று நன்றாகத்தான் வந்தது. பறித்து வயல் முழுக்க நட்டோம். அந்தச் சமயத்தில்தான் பேராவூரணியில் கட்டிக்கொடுத்த மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த சேதி. அவள் புகுந்த ஊர் தென்னைக்குப் பேர்போனது, நெல் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அதனால் ஒவ்வொரு அறுவடைக்கும் எங்கள் புது அரிசிதான் அவள் வீட்டுக்குப் போகும். திரும்பிவரும் வண்டியில் தேங்காய் வரும்.

பயிர் பச்சைகட்டி நிற்கும்போது ஒருநாள் காலையில் வாசலில் ஒரு லாரியும் ஜீப்பும் வந்து நின்றன. இறங்கியவர்கள் எண்ணெய்க் கம்பெனி ஆட்கள்; கையில் உறை, முகத்தில் மூடி. பைப்பெல்லாம் தவறுதலாக விற்பனைக்குப் போய்விட்டதாம், திரும்ப எடுத்துக்கொள்ள வந்தார்களாம். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷினைப் பைப்பின் வாயருகே கொண்டுபோனார்கள். அது டிக் டிக் என்று படபடத்தது. என்ன அது என்று அவர்களில் பெரியவராகத் தெரிந்த அதிகாரியைக் கேட்டேன்.

"கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும்மா. பூமிக்கு அடியில இயற்கையாவே இருக்கறதுதான். எண்ணெயோட வர்ற தண்ணியில கலந்து வந்து பைப்புல படிஞ்சுடும். பயப்பட ஒண்ணுமில்ல."

இயற்கையாம். நாகப்பாம்பு விஷமும் இயற்கைதான். இந்தக் கதிரியக்கத்தைப் பூமிக்கு அடியிலிருந்து உறிஞ்சிக் கெட்டியாக்கி, இரும்புக் கடை வழியாக என் வாசலுக்கு அனுப்பியதுமா இயற்கை? பயப்பட ஒன்றுமில்லை என்கிறவருக்குக் கையுறை எதற்கு?

நாற்றங்கால் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. வயலுக்கு வந்தார். மெஷினைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நடந்தார். எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டால், "ரிப்போர்ட் வரும்மா" என்றார். கொஞ்சம் மண்ணைப் பையில் போட்டுக்கொண்டார். "அறுத்ததும் நல்லா ஆழமா உழுது கலந்துவிட்டுடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பைப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு எங்கள் மண் கண்ணிலேயே படவில்லை.

ரிப்போர்ட் வரவே இல்லை. வேளாண்மை ஆபீசில் கேட்டால் பைப்பு எங்கள் இலாகா இல்லை என்கிறார்கள். அந்த அதிகாரிக்குப் போன் போட்டால் மண் எங்கள் இலாகா இல்லை என்கிறார். அறுவடை முடிந்த பிறகு கடைசியாக ஒருமுறை அவரிடம் கேட்டேன், இந்த நெல்லைச் சாப்பிடலாமா கூடாதா என்று.

"தாராளமா சாப்பிடலாம்மா."

"அப்ப ஒரு மூட்டை உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கறேன். விலாசம் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "எங்க வீட்டுல இப்பல்லாம் சப்பாத்திதாம்மா" என்றார்.

ஒருவேளை அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். பயிருக்குள் அது ஏறாமலே இருந்திருக்கலாம். அதை அளந்து, இவ்வளவுதான் என்று என் முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டாமா? நாங்கள் என்ன, அவர்கள் மெஷினுக்குத் தீனியா?

விற்றால் வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது சாப்பிடும், அதனால் விற்க மனசு வரவில்லை. இவர்தான் முடிவு செய்தார். "நமக்கு வயசாயிடுச்சு. நாம ரெண்டு பேரும் சாப்பிட்டுத் தீர்ப்போம். புள்ளத்தாச்சிப் பொண்ணு, அவளுக்கு மட்டும் வேணாம்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் பயிர் வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அரிசி வாங்கியதில்லை. நான் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மூட்டை வாங்கினேன். எங்கள் வீட்டுச் சாக்கில் மாற்றிக் கட்டிப் பேராவூரணிக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம்.

"அம்மா, இந்தத் தடவ அரிசி வேற மாதிரி இருக்குதே. நம்ம வயல்ல வெளைஞ்சதுதானே?"

"ஆமாம்மா."

"நீயும் அப்பாவும் இதைத்தானே சாப்பிடறீங்க?"

"இதைத்தான்" என்றேன். அடுப்பில் எங்கள் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.