அந்தியில் காலியாகும் கட்டில்

சமஸ்தானம் போய் மாகாணம் வந்த புதிதில், விராலிமலைப் பக்கம் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். மன்னர் காலத்து விதி, சென்னை விதி இரண்டும் எனக்கு மனப்பாடம். இரண்டும் மோதும் இடத்தில்தான் என் மரியாதையே இருந்தது.

அந்தப் பங்குனியில் கலப்பைக் கொழு குத்தி, பாதம் வீங்கி, ஒரு சம்சாரி வந்து படுத்தார். நடந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். பொழுது சாய்ந்ததும் கட்டில் காலி. காலையில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாளும் அப்படியே. கத்திக்குப் பயப்படுகிறார் என்று முடிவுகட்டி, டாக்டர் உடற்கூறுப் படத்தை விரித்து விளக்கினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஓடிப்போனார்கள். இவர் மட்டும் மறுநாள் ஒழுங்காக வந்தார், இன்னும் வீங்கிய காலோடு.

எங்கள் டாக்டருக்கு நாவல் பைத்தியம். டிங்க்சர் பாட்டில்களுக்குப் பின்னால் நாவல்கள் இருக்கும். ஸ்டாக் எடுக்கும்போது நான் அவற்றைப் பார்ப்பதில்லை. அந்தியில் ஒருவன் தவறாமல் கிளம்பினால் எங்கோ ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது அவர் படித்த பாடம். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அங்கே யார் என்று கேட்டார்.

சம்சாரி வெட்கப்பட்டுச் சிரித்தார். "அதுக்கெல்லாம் வயசு போச்சுங்கய்யா. ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. எல்லைக்கு அங்கிட்டு ராத்தங்கப்படாது."

"நடந்தா கால் போயிருமே?"

"கால் என்னோடதுங்க. காப்பு ஊரோடது."

டாக்டர் ஊகித்த கதை தப்பு. ஆனால் கதை ஒன்று இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காப்பு ஊருடையது என்றால் வண்டியும் ஊருடையதாக இருக்கட்டும் என்று அன்றே சொல்லியனுப்பினார். வீட்டுக்கு வீடு முறைவைத்து மாட்டுவண்டி வந்தது. காலையில் கொண்டுவந்து இறக்கி, அந்திக்குள் ஏற்றிப் போனார்கள். பாதம் தரையில் படவில்லை.

இரவில் இல்லாத உள்நோயாளிக்கு எந்த விதியிலும் இடமில்லை. ஆனால் ஒருவரைக் காலையில் சேர்த்து மாலையில் அனுப்பக் கூடாது என்றும் எந்த விதியும் சொல்லவில்லை. அப்படியே செய்தோம். கட்டுப்போடும் ஆவூர் நர்ஸம்மா, "இவரு ஒருத்தராலயே நம்ம ஆஸ்பத்திரிக்குப் பேரு சார். தெனமும் கொணமாகிப் போறாரு" என்றார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் அவர் தானே நடந்து வந்தார், தலையணையோடு. வீக்கம் வடிந்து புண் ஆறியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"ஒரு ராத்திரி தங்கிட்டே போறேங்கய்யா. ஆஸ்பத்திரிக்கும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அன்றைக்குத்தான் அவர் விதிப்படி உள்நோயாளி ஆனார். நோய்தான் இல்லை.