சீனி இல்லாத வீடு

மகளுக்கு எட்டு வயதில் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். ஆயுள் முழுக்க ஊசி என்று டொக்டர் சொன்னபோது நான் அழவில்லை. எனக்கு அழுகைக்கு முதல் கோபம்தான் வரும். வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குத் திரும்பிய அன்றே சீனிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன். ஜாம், பிஸ்கட், மச்சாள் அனுப்பிய தொதல் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. பிள்ளை சாப்பிடாததை இந்த வீட்டில் ஒருத்தரும் சாப்பிடக் கூடாது என்றேன். அளவாகச் சாப்பிடலாம் என்று கிளினிக் நேர்ஸ் சொன்னது என் காதில் ஏறவில்லை.

வீடு பழகிக்கொண்டது. நான் அப்படித்தான் நம்பினேன். கணவர் சீனி போடாத பிளேன்டியைக் கசாயம் மாதிரிக் குடித்தார். பெரிய வகுப்புப் படிக்கும் மகன் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கினான். பிறந்தநாள் வீடுகளுக்குப் போவதையும் விட்டோம். மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு ஞாயிறு பின்னேரம் தகப்பனோடு கடற்கரையில் ஓடி விளையாடிவிட்டு வந்தவள், கதிரையில் இருந்தபடியே வியர்த்துக் கொட்டினாள். கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி நன்றாக இறங்கியிருந்தது. உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். இதற்கென்றே வைத்திருந்த குளுக்கோஸ் பைக்கற்றைக் கணவர் கடற்கரைக்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அடுப்படியில் ஒவ்வொரு போத்தலாகத் திறந்தேன். உப்பு, மிளகாய்த்தூள், பருப்பு. வீட்டை இவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்த என்னை நானே அறைந்திருப்பேன்.

"இஞ்சேருங்கோ, கீழை கடைக்கு ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் வாசல் பக்கம் போகவேயில்லை. ஒஃபிஸ் பையைத் திறந்து ஒரு டொஃபிப் பைக்கற்றை எடுத்தார். அதற்குள் மகன் அலுமாரியில் உடுப்புகளுக்குப் பின்னாலிருந்து பாதி முடிந்த இனிப்பு டின்பாலோடு வந்தான். கரண்டியும் உள்ளேயே இருந்தது. அப்போதுதான் நினைவு வந்து, என் கையும் சாமிப்படத்துக்குப் பின்னால் போய்க் கற்கண்டுப் பொட்டலத்தோடு திரும்பியது. சாமிக்கென்றுதான் வாங்கினேன். ஆனால் பொட்டலத்தில் குறைந்திருந்ததைச் சாமி சாப்பிடவில்லை.

டின்பாலைத்தான் ஊட்டினோம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று அவள் முகம் தெளிந்தது. மேசையில் கிடந்தவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்கு ஒளித்துச் சாப்பிட்டீர்களா என்று சண்டை பிடிக்கப்போகிறாள் என நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கும் ஆசை வாறதே?" என்று கேட்டாள்.

கணவர் டொஃபிப் பைக்கற்றை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்கு மட்டும்தான் வருது எண்டு நினைச்சன். அதாலைதான் நான் ஒண்டும் கேக்கேல்லை."