பூட்ஸின் விலை இருநூற்றைம்பது நைட்டி

இங்கே ஒரு கட்டுக் கொத்தமல்லி மூவாயிரம். முதல் நாள் அந்த விலையைக் கேட்டதும் கையிலிருந்த கட்டு தானாகக் கீழே விழுந்தது. உஸ்பெகிஸ்தான் பணத்துக்கு சோம் என்று பெயர். நம்முடைய ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது சோம். ஃபெர்கானா ஊரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு மாதச் சம்பளம் ஒன்றரைக் கோடி. ராஜபாளையத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால் கைமாத்து கேட்டு வாசலில் வரிசை நிற்கும் என்பதால் நான் மூச்சே விடுவதில்லை.

மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு ஊரில் நான் தனியாள். அவர் நான்கு வருடமாக இங்கே தனியாள். "மூணு மாசம் வந்து இருந்து பாரு, பிடிக்கலன்னா போயிரு" என்று போனில் சொன்னார். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, பெட்டி நிறைய நைட்டியோடு வந்து இறங்கினேன். எல்லாம் நானே தைத்தவை. இருபது வருடமாக வீட்டில் மிஷின் போட்டுக் கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுத்தவள் நான். ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூலி.

அதுதான் வினையாகப் போனது. என்ன விலை சொன்னாலும் நூற்றைம்பதால் வகுப்பேன். வந்த ரூபாயைப் பன்னிரண்டால் வகுப்பேன். ஒரு ரொட்டி இரண்டரை நைட்டி. ஒரு கிலோ தக்காளி பதினோரு நைட்டி. மனுஷி எதைத்தான் வாங்குவாள்? பனி கொட்டத் தொடங்கியதும் அவர் என்னைக் கடைக்கு இழுத்துப் போய், உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ் ஒன்றைக் காட்டினார். நாலரை லட்சம் சோம். மனசுக்குள் மடமடவென்று ஓடியது: மூவாயிரம் ரூபாய், இருநூற்றைம்பது நைட்டி.

"வேண்டாங்க. இத மாட்டிக்கிட்டு நடந்தா ஒவ்வொரு அடிக்கும் ஒரு நைட்டிய மிதிக்க மாதிரில்லா இருக்கும்."

"ஏட்டி, சம்பளம் வாங்குறது நானு. ஒனக்கு எதுக்கு இம்புட்டு விசாரம்?"

"அது ஒங்க சம்பளம். எனக்குத் தெரிஞ்ச கூலி பன்னெண்டு ரூவாதான்."

ஊரிலிருந்து கொண்டுவந்த துணி ஷூவோடு நடந்து, மூன்றாம் நாளே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி, ஒரு வாரம் படுக்கை. "டிக்கெட்டுதான் இருக்குல்லா, நான் எங்க ஊருக்கே போறேன்" என்று கத்தினேன். அவர் வாதாடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், உப்பு போட மறந்து. நாலு வருடமாக இந்த மனுஷன் என்னத்தைத் தின்று கிடந்தாரோ என்று நினைத்துக்கொண்டே கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் வீம்புக்காரி, எங்கள் தெருவுக்கே தெரியும்.

கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது, ஒரு காலையில் குப்பை கொட்டப் போனேன். நைட்டி, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே தோளில் துண்டு. நைட்டியோடு வாசல் தாண்டும்போது மேலே துண்டு போடாமல் நாம் போவோமா? எதிர்வீட்டு குல்நோரா ஓபா வழிமறித்து என் நைட்டித் துணியைத் தடவிப் பார்த்தார். ஓபா என்றால் இங்கே அக்கா. மிஷின் ஓட்டுவதுபோல் ஜாடை காட்டி, நான்தான் தைத்தேன் என்று புரியவைத்தேன். மறுநாளே பூப்போட்ட துணியை வாங்கி வந்து, தன் வீட்டு மிஷினில் என்னை உட்காரவைத்துவிட்டார். தைத்து முடித்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர் முகம் வாடியது. என் தோளில் கிடந்த துண்டைத் தொட்டு, தன் தோளையும் தொட்டு, 'எனக்கு இது எங்கே?' என்று கையை விரித்தார்.

"ஐயோ அக்கா, இது தனி. சும்மா மானத்துக்குப் போடுதது" என்று தமிழிலேயே சொன்னேன்.

என்ன புரிந்ததோ, பலமாகத் தலையாட்டி மிச்சத் துணியை என் கையில் திணித்தார். சரி, உங்கள் ஆசை என்று அதே பூத்துணியில் ஒரு துண்டும் ஓரம் மடித்துத் தைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் துணியோடு வந்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால், முற்றத்தில் நான்கு பெண்கள் நைட்டிக்கு ஏற்ற துண்டை, தடித்த கோட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு பனியில் நிற்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு மறுபடி வலித்தது.

துண்டோடு சேர்த்து நைட்டிக்கு அறுபதாயிரம் சோம் என்று ஓபாவே கூலி பேசிவிட்டார். கொடுக்கும்போது வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தார். இங்கே நன்றி சொல்வது அப்படித்தான். எட்டு நைட்டி முடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு தனியாகவே கடைக்குப் போனேன். அந்த பூட்ஸை வாங்கி அங்கேயே மாட்டினேன். மீதி முப்பதாயிரத்துக்கு மாதுளம்பழம். வீட்டு வாசலில் கால் பனியில் புதைந்தும் குளிராதபோதுதான் உறைத்தது: நான் எதையுமே வகுக்கவில்லை. என் கூலிக்கு அந்த பூட்ஸ் இப்போது முழுசாக எட்டு நைட்டிகூட இல்லை.

அவர் என் காலைப் பார்த்தார். "ரூவாய்க்கு எம்புட்டு ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? அந்த டிக்கெட்டத் தள்ளிப் போடுங்க."

பழத்தை உரித்துக்கொண்டிருந்தவர் பாதி முத்துகளைத் தரையில் சிந்தினார். "சரி" என்றார். முதலில் சொன்ன சரி இல்லை இது.

ஆயிற்று இரண்டு வருடம். இந்தச் சித்திரையில் மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரத் தம்பி நூற்றைம்பது ரூபாய் கேட்டார்.

"அடி ஆத்தீ, இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

"யக்கா, நூத்தம்பதுதானக்கா கேட்டேன்! நீங்க எந்த ஊரு?"

"ராஜபாளையந்தாம்ப்பா."

ஏறி உட்கார்ந்தேன். தம்பி நம்பவில்லை என்பது வண்டிக் கண்ணாடியிலேயே தெரிந்தது. மகள் வீட்டு வாசலில் இறங்கிப் பணத்தைக் கொடுத்தேன். வலது கை தன்பாட்டுக்கு நெஞ்சுக்குப் போனது, தலையும் லேசாகக் குனிந்தது. அவர் பதறிப்போய் வண்டியை விட்டுக் குதித்தார்.

"என்னக்கா, நெஞ்சு வலிக்கா?"

"இல்லப்பா, ஒண்ணும் இல்ல" என்றேன். கையை எடுக்கத்தான் செத்த நேரம் ஆனது.