அம்மன் கோயில் ஜென்செட்

தைப்பிங்கில் மழை பெய்வது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அன்று காலை மலையிலிருந்து இறங்கிய குளிரில் பல் கிடுகிடுத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட எங்கள் பழைய தோட்டத்தில், மாரியம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டு மின்சாரம் தரும் ஒரு ஜென்செட்டை முறைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி, திருவிழா நெருங்கும் நேரம் பார்த்துக் கோயிலின் மின்சாரத்தை வெட்டிவிட்டது. யாரும் வராத பாழடைந்த கட்டடம் என்று சொல்லி இடிப்பதுதான் அவர்கள் எண்ணம். அதை வீடியோ எடுத்துப் போக அன்று காலை ஆள் அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்கள். உண்மைதான், நாங்கள் லயத்து வீடுகளை விட்டு கமுந்திங்குக்கும் ஈப்போவுக்கும் பிழைக்கப் போய்விட்டோம். அதற்காக அம்மனுக்கு ஆளில்லை என்று ஆகிவிடுமா? எனக்கு ரத்தம் கொதித்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போடும் என் கொழுந்தனை, முந்தின இரவு கடை முடிந்ததுமே அவன் ஜென்செட்டோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். விளக்கு எரிய வேண்டும். ஒலிபெருக்கி தைப்பிங் வரைக்கும் கேட்க வேண்டும்.

கொழுந்தன் சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தான். இருமியது, அடங்கியது. மறுபடி இழுத்தான். பெட்ரோல் வாடை வந்ததே தவிர சத்தம் வரவில்லை.

"குளிருக்கு அப்படித்தான் அண்ணி இருக்கும். நேத்து கடையில நல்லாத்தான ஓடுச்சி!"

கோயில் தலைவர் அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? நான் விடியக்காலையிலேயே அதுக்கு நல்லா பூசை போட்டுட்டேனே!"

எனக்குச் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். சந்தனம், குங்குமம், கைப்பிடியில் மாலை, கீழே எலுமிச்சம்பழம். என்ஜின் வைத்த எதையும் எங்கள் ஆட்கள் சும்மா விட்டதில்லை. ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடியைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, பூசை போட்டீங்களா, இல்ல தலைக்கு ஊத்தி விட்டீங்களா?"

"ஒரு செம்புதான்மா ஊத்துனேன்," என்றார் பாவமாக. பொங்கல் வைக்க வந்து சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலைத் திருப்பத்தில் கம்பெனி கார் வந்துகொண்டிருந்தது.

"இனிமே எங்க அக்கா ஆவப் போவுது, வுடுங்க," என்றாள் ஒருத்தி.

"வாய மூடு! நான் வுடுற ஆளா?"

கொழுந்தன் பிளக்கைக் கழற்றித் தந்தான். அதுவும் பெட்ரோலில் ஊறிக் கிடந்தது. துடைத்துக்கொண்டு, பொங்கல் வெந்துகொண்டிருந்த அடுப்புக்கு ஓடினேன். இடுக்கியில் பிடித்து, கை தாங்காத சூடு ஏறும்வரை தணலில் காட்டினேன். அதற்குள் அவன் மூடியைத் துடைத்து உலர்த்தியிருந்தான். சூடு ஆறுவதற்கு முன்பே பிளக்கை முடுக்கினான்.

"நவுரு, நான் இழுக்கிறேன்," என்றேன்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தோளே கழன்றாலும் பரவாயில்லை என்று ஒரு இழுப்பு இழுத்தேன். வெடித்தது, புகை கக்கியது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. கருவறையில் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பியதும் செம்பனை மரங்களில் இருந்த குருவியெல்லாம் பறந்தன. "தாயே!" என்று கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம், எனக்கென்ன வெட்கம்?

காரிலிருந்து இறங்கியவன் நம் தமிழ்ப் பிள்ளைதான். கம்பெனி சட்டை, கையில் கைப்பேசி. காதைப் பொத்திக்கொண்டே என்னிடம் வந்தான்.

"அக்கா, சத்தம் ரொம்ப பீசிங்கா இருக்கு லா. கொஞ்சம் குறைங்க. வீடியோவுல நான் பேசுறது ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

"யாருமே வராத கோயில்ல ஏது தம்பி இவ்ளோ சத்தம்?" என்றேன். "நல்லா புடிச்சிட்டுப் போங்க."