பூ பார்டர் இல்லாத கல்யாணப் பத்திரிகை

மண்ணெண்ணெயும் மையும் கலந்த அந்த அச்சுக்கூட வாடை எனக்கு அத்தராகத்தான் இருந்தது; ஆம்பூரில் தோல் ஊறும் தொட்டிகளின் காற்றிலேயே வளர்ந்த பத்து வயதுப் பெண்ணுக்கு வேறெப்படி இருக்கும்? அக்கா எஸ்தரின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்திருந்த எங்கள் மாமா, பிழை திருத்தும் 'புரூப்' தாளைப் பார்த்து வர, பள்ளிக்கூட வாத்தியாரம்மாவான கல்யாணப் பெண்ணையே அனுப்பினார். துணைக்கு நான் போனேன்.

பிழை ஒன்றுமில்லை, ஆனால் அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. காலஞ்சென்ற அப்பாவும் அழைப்பவரான மாமாவும் கொட்டை எழுத்தில், நாளும் கோயிலும் பொடி எழுத்தில், சுற்றிலும் பூ பார்டர். ஆஸ்பத்திரித் துணி துவைத்து எங்களை ஆளாக்கிய அம்மா கைம்பெண் என்பதால், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்று மாமா விட்டுவிட்டார். கெட்டவரில்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர்.

அம்மாவின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று அச்சுக் கோக்கிற பாயிடம் அக்கா கேட்டாள். பொறுமையான மனிதர், எங்களை அருகே அழைத்துக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஈயத்துண்டு. வார்த்தைக்கு நடுவே வெள்ளையாகத் தெரிகிற இடத்திலும் எழுத்தில்லாத ஈயம்தான். வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய தகடு. எல்லாம் இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கியாயிற்று. தாளோரம் சும்மா கிடப்பதாக நான் நினைத்த 'மார்ஜின்'கூட அளந்து விட்டதாம். பொடி எழுத்தென்றால் அடியில் நுழைத்துவிடலாம் என்றார்.

பெரிய எழுத்தைத்தான் கண் முதலில் பார்க்கும் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்பா பேரு சைஸ்லயே வேணும்," என்றாள்.

"இடம் கம்மிம்மா. ஒண்ணு வரணும்னா ஒண்ணு போவணும்."

"அந்தப் பூவெல்லாம் எடுத்துடுங்க."

அந்தப் பூக்கள் மாமா ஆசை ஆசையாய்ப் பொறுக்கியவை. மொட்டையாக வந்த பத்திரிகையைப் பார்த்ததும் 'இன்னா இது, ஜெயில் நோட்டீஸ் மாதிரி' என்று குதித்தார். பிறகு அம்மாவின் பெயரைப் படித்தார். கட்டிலிருந்து ஒன்றை உருவி அம்மாவிடம் நீட்டினார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எது தன் பெயர் என்று என்னைக் கேட்டு, தாளில் அழுந்தியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "இவ்ளோ பெரிசாவா?" என்றாள். மறுநாளிலிருந்து பத்திரிகை வைக்க அவளே கிளம்பிவிட்டாள். மாமாவின் பட்டியலில் இல்லாத வீடுகளுக்கெல்லாம் போய், தன் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா பயந்ததுதான் மிச்சம்.

இப்போது அந்த அச்சுக்கூடம் செருப்புக் கடையாகிவிட்டது. என் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். யார் பெயரைப் பெரிதாக்கினாலும் மற்றவை தாமே ஒதுங்கி இடம் விடுகின்றன. எஸ்தர் அக்காவின் பத்திரிகையைக் காட்டச் சொல்லிப் பேத்தி கேட்டாள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அக்கா தனக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசிப் பத்திரிகையையும், வேலூருக்குப் போன ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருத்திக்கு அம்மா கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.